மிச்சம் எவ்வளவு என்று போனைக் கேட்டால்

ஆண்ட்ராய்டு போனிடம் “எவ்வளவு மெமரி மிச்சம் இருக்கிறது?” என்று நிரல் வழியாகக் கேட்டால் குறைந்தது மூன்று பதில்கள் கிடைக்கும். மூன்றும் வேறு வேறு எண்கள், மூன்றும் சரியானவை. ஆனால் உங்கள் செயலி அடுத்த நொடி உயிரோடு இருக்குமா என்ற கேள்விக்கு அவற்றில் எதுவும் நேரடியாகப் பதில் சொல்லாது.

நான் சில வருடங்களாகப் பராமரித்து வருவது ஆவணங்களை ஸ்கேன் செய்யும் ஒரு செயலி. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஓரங்களை வெட்டி, நிழலை நீக்கி, கடைசியில் ஒரு பிடிஎஃப் கோப்பாகக் கொடுக்கும். கேட்பதற்கு எளிமையான வேலைதான். ஆனால் கேம்களை விட்டால் மெமரியை இவ்வளவு வேகமாகத் தின்னும் வேலைகள் அதிகம் இல்லை. அந்தச் செயலி என் கைக்கு வந்தபோது அதில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு வேலி இருந்தது. படத்தைத் திறக்கும் முன் போனில் 100 எம்பி காலியாக இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் “மெமரி போதவில்லை” என்று பயனரிடம் சொல்லிவிடும். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. இருந்தும் செயலி விழுந்துகொண்டே இருந்தது. அதைவிட வேடிக்கை, தாராளமாகத் திறந்திருக்கக்கூடிய போன்களில் சிலருக்கு “மெமரி போதவில்லை” என்ற செய்தி வந்தது. ஒரே சோதனை இரண்டு பக்கமும் தப்பாகப் போனது.

அந்த வேலி பார்த்த எண் ‘ஆக்டிவிட்டி மேனேஜர்’ தருகிற ‘மெமரி இன்ஃபோ’வில் இருக்கும் ‘அவெய்ல்மெம்’. அது போன் முழுவதற்குமான கணக்கு. உங்கள் செயலிக்கு என்று ஒதுக்கியது அல்ல. அதிலும் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. கோப்புகளிலிருந்து படித்து ரேமில் வைத்திருக்கும் மெமரிப் பக்கங்களில் (மெமரியைப் பிரித்துக் கையாளும் சிறு துண்டுகள்) பெரும்பகுதியை, சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்பதால், அவையும் கிடைக்கக்கூடிய மெமரியாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் அவற்றில் நிறைய போன் சீராக ஓடுவதற்குத் தேவையானவை. எல்லாவற்றையும் விட்டால் போன் திணறும். இன்னொரு பக்கம், நீங்கள் எப்போதோ மூடிவிட்டுப் போன செயலிகள் பின்னணியில் உட்கார்ந்திருக்கும். அவை பிடித்து வைத்திருக்கும் இடம் இந்தக் கணக்கில் வராது. தேவைப்பட்டால் சிஸ்டம் அவற்றைக் கொன்று அந்த இடத்தை உங்களுக்குக் கொடுக்கும். ஆக, இந்த எண் சில நேரம் உண்மையைவிடக் கூடுதல், சில நேரம் குறைவு. இதை 100 என்ற நிலையான எண்ணோடு ஒப்பிட்டு முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே ‘மெமரி இன்ஃபோ’வில் இன்னும் உருப்படியான இரண்டு விவரங்கள் உண்டு: ‘த்ரெஷோல்ட்’, ‘லோமெமரி’. எந்த அளவுக்குக் கீழே போனால் சிஸ்டம் தன்னை நெருக்கடியில் இருப்பதாகக் கருதும் என்பது முதலாவது. இப்போது அந்த நிலையில் இருக்கிறதா என்பது இரண்டாவது. போனுக்குப் போன் இந்த அளவு மாறும். நாமாக ஒரு எண்ணை முடிவு செய்வதைவிட அந்தப் போன் சொல்வதைக் கேட்பது நல்லது. சரி, இதுவும் முழுப் பதில் அல்ல.

இந்த இடத்தில் ‘ரேம் கிளீனர்’ வகையறாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. காலியான ரேம் என்பது வேலை செய்யாத ரேம். பின்னணியில் இருக்கும் செயலிகளைக் கொன்று “இத்தனை எம்பி விடுவித்தோம்” என்று பெருமையாகக் காட்டும் செயலிகள், அடுத்த முறை அவற்றை முதலிலிருந்து தொடங்க வைத்து பேட்டரியையும் நேரத்தையும்தான் செலவழிக்கின்றன. எங்கள் செயலி விழுகிறது என்று எழுதிய பயனர்களில் சிலர் இதை ஓடவிட்டுப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார்கள். பலன் இருந்திருக்காது. அவர்கள் மோதிய சுவர் வேறு.

அந்தச் சுவர்தான் இரண்டாவது எண். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியின் ஜாவா ஹீப்புக்கும் (ஜாவா நிரல் உருவாக்குபவை இருக்கும் மெமரிப் பகுதி) ஒரு உச்சவரம்பு உண்டு. ‘கெட் மெமரி கிளாஸ்’ என்று கேட்டால் எம்பியில் சொல்லும். 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் இது 16 எம்பி. போனின் மொத்த ரேமே 192 எம்பிதான். இன்றைய போன்களில் 256 எம்பி சகஜம். போனில் 8 ஜிபி ரேம் இருந்தாலும், அதில் 4 ஜிபி காலியாக இருந்தாலும், இந்த வரம்பைத் தாண்டி ஜாவா ஹீப்பில் ஒரு பைட் கேட்டால் ‘அவுட் ஆஃப் மெமரி எரர்’ வந்து விழும். ‘6 ஜிபி கூடுதல் விர்ச்சுவல் ரேம்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அதற்கும் இந்த வரம்புக்கும் சம்பந்தமே இல்லை. அது சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு.

வரம்புக்குள் நமக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ‘ரன்டைம்’ வகுப்பில் மூன்று ஃபங்ஷன்கள் இருக்கின்றன: மேக்ஸ் மெமரி, டோட்டல் மெமரி, ஃப்ரீ மெமரி. இதில் ‘ஃப்ரீ மெமரி’யை மட்டும் தனியாகப் பார்த்துப் பதறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஹீப் இப்போது எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறதோ அதற்குள் இருக்கும் காலியிடம் மட்டுமே. உதாரணமாக மேக்ஸ் 256 எம்பி, டோட்டல் 40 எம்பி, ஃப்ரீ 2 எம்பி என்று வந்தால் 2 எம்பிதான் மிச்சம் என்று அர்த்தம் இல்லை. பயன்பாட்டில் இருப்பது 40-இல் 2 போக 38. ஹீப் 256 வரை வளரலாம். ஆக மிச்சம் 218 எம்பி. மேக்ஸிலிருந்து, டோட்டலுக்கும் ஃப்ரீக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய ஜாவா போன் காலத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த ‘ஃப்ரீ மெமரி’ மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. அந்தப் போன்களுக்கான சிஎல்டிசி 1.0 தரம் ஜாவாவுக்கு என்று கேட்ட குறைந்தபட்ச மெமரி மொத்தம் 160 கேபி. அடுத்த பதிப்பில் 192 கேபி. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே செயலிதான் ஓடும் என்பதால் அந்த எண் சொன்னதை நம்பலாம். அந்த நம்பிக்கையை அப்படியே இன்றைய போனுக்குக் கொண்டுவர முடியாது.

எங்கள் செயலியின் விழுதல்களைப் போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. பழைய பதிப்புகளில் தெளிவான ‘அவுட் ஆஃப் மெமரி எரர்’, அதன் கீழே எந்த வரியில் விழுந்தது என்று காட்டும் ஒழுங்கான ஸ்டாக் ட்ரேஸ். புதிய பதிப்புகளில் கிராஷ் அறிக்கையே இல்லை. ஆனால் “பாதியில் தானாக மூடிக்கொள்கிறது” என்ற புகார் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே நிரல், இரண்டு விதமான சாவு.

காரணம் பிட்மேப்பின், அதாவது மெமரியில் திறந்த படத்தின், புள்ளிகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பது. ஆண்ட்ராய்டு 3.0 முதல் 7.1 வரை அவை ஜாவா ஹீப்பில் இருந்தன. 8.0 முதல் அவை ஜாவா ஹீப்புக்கு வெளியே இருக்கும் நேட்டிவ் மெமரிக்குப் போய்விட்டன. அதாவது 8.0-க்குப் பிறகு நீங்கள் எத்தனை பெரிய படத்தைத் திறந்தாலும் ‘ரன்டைம்’ கணக்கு பெரிதாக அசையாது. “218 எம்பி மிச்சம்” என்று நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருக்கும், பின்னால் நேட்டிவ் பக்கம் நூற்றுக்கணக்கான எம்பி ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்துக்கு மெமரி கிளாஸ் போல ஒரு வரம்பு கிடையாது. வரம்பு இல்லை என்பது சுதந்திரம் மாதிரித் தெரியும், ஆனால் அங்கே காவல் இருப்பவர் வேறு ஆள். அதனால் மூன்றாவது எண்ணையும் பார்த்தாக வேண்டும்: ‘டீபக்’ வகுப்பில் உள்ள ‘கெட் நேட்டிவ் ஹீப் அலொகேட்டட் சைஸ்’. மிச்சத்தை அல்ல, நேட்டிவ் பக்கம் நாம் எடுத்துக்கொண்டதை இது சொல்லும்.

அந்தக் காவலர் ‘லோ மெமரி கில்லர்’. முன்பு கெர்னலுக்குள்ளேயே இருந்தது. பிறகு ‘எல்எம்கேடி’ என்ற தனி ப்ராசஸாக (தனியே ஓடும் நிரலாக) வெளியே வந்தது. மெமரி நெருக்கடி வந்தால் முக்கியத்துவம் குறைந்த ப்ராசஸ்களிலிருந்து தொடங்கிக் கொல்லும். முன்னே திரையில் இருப்பது கடைசியில்தான் வரும். ஆகவே உங்கள் செயலி அளவுக்கு மீறித் தின்னும்போது முதலில் சாவது மற்றவர்கள். பயனர் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் அது நின்றுபோகலாம். உங்கள் செயலியை விட்டு வெளியே வந்ததும் முகப்புத் திரை வெறுமையாக வந்து ஐகான்கள் ஒவ்வொன்றாக வரையப்படும். இந்த அடையாளங்களை நான் எந்த அளவீட்டுக் கருவியையும்விட முன்னதாகக் கவனிப்பேன். ஒரு செயலியைச் சோதிக்கும்போது பின்னால் ஒரு பாட்டை ஓடவிட்டிருப்பது என் வழக்கமாகிவிட்டது. பாட்டு நின்றால் கணினியை எடுத்துக்கொள்வேன்.

கணினியை எடுத்தால், போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் முதல் கட்டளை ‘ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் மெம்இன்ஃபோ’, அதன் பின்னால் செயலியின் பேக்கேஜ் பெயர். ஜாவா ஹீப், நேட்டிவ் ஹீப், கிராஃபிக்ஸ், ஸ்டாக் என்று பிரித்து, மொத்தத்தை பிஎஸ்எஸ் கணக்கில் காட்டும். பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரிப் பக்கங்களை அவற்றுக்குள் பங்கு பிரித்துச் சேர்க்கும் கணக்கு அது. ஒரு வேலையைச் செய்வதற்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது ஏறி எது இறங்கவில்லை என்பது தெரிந்துவிடும். செயலிக்குள்ளேயே இதே விவரத்தை அடிக்கடிக் கேட்டு வாங்க நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் அந்த வசதிக்கு வேகக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். அடிக்கடிக் கேட்டால் பழைய எண்ணையே திருப்பித் தரும்.

படம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 4000-க்கு 3000 புள்ளிகள் உள்ள 12 மெகாபிக்சல் படம் ஜேபெக் கோப்பாகச் சில எம்பிதான். மெமரியில் திறந்ததும் புள்ளிக்கு 4 பைட் வீதம் 4 கோடியே 80 லட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 46 எம்பி. 8160-க்கு 6144 என்று படம் எடுக்கும் 50 மெகாபிக்சல் கேமராவில் அதுவே 191 எம்பி. கோப்பின் அளவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடுத்து, படத்தைத் திருப்ப வேண்டுமானால் பழையது ஒன்று, திருப்பியது ஒன்று என்று இரண்டும் ஒரே நேரத்தில் மெமரியில் இருக்கும். நிழல் நீக்கும் வேலைக்கு இடைப்பட்ட பிரதி இன்னொன்று. ஒரே பக்கத்துக்கு மூன்று மடங்கு. செயலியைக் கொல்வது இந்த உச்சம். சராசரியைக் கணக்கிட்டு “நாம் 150 எம்பிதான் பயன்படுத்துகிறோம்” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு பழைய வேலியை எடுத்தோம். “மெமரி போதவில்லை” என்ற செய்தியையும் சேர்த்தே எடுத்தோம். அந்தச் செய்தியைப் பார்த்துப் பயனர் என்ன செய்ய முடியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதற்குப் பதிலாக, படத்தின் நீள அகலத்தை மட்டும் முதலில் படித்து (‘இன் ஜஸ்ட் டீகோட் பவுண்ட்ஸ்’ என்ற வசதி புள்ளிகளைத் திறக்காமலேயே இதைச் சொல்லிவிடும்), இந்த வேலையின் உச்சம் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, அது நமக்கென்று வைத்திருக்கும் அளவைத் தாண்டினால் ‘இன் சேம்பிள் சைஸ்’ மூலம் சுருக்கித் திறக்கிறோம். 4 என்று கொடுத்தால் நீளம் கால்வாசி, அகலம் கால்வாசி. 46 எம்பி 3 எம்பிக்குள் வந்துவிடும். திரையில் காட்டுவதற்கு அதுவே போதும். முழு அளவும் தேவைப்படும் கடைசிக் கட்டத்தில் படத்தைத் துண்டு துண்டாகத் திறந்து வேலை செய்யலாம். ‘பிட்மேப் ரீஜன் டீகோடர்’ இருப்பதே அதற்குத்தான். முடிந்த பக்கத்தை உடனே கோப்பில் எழுதிவிட்டு மெமரியில் சிறுபடம் மட்டும் வைத்துக்கொள்கிறோம். நாற்பது பக்க ஆவணமும் நான்கு பக்க ஆவணமும் இப்போது ஏறத்தாழ ஒரே உச்சத்தைத்தான் தொடுகின்றன.

அப்படியென்றால் மிச்ச மெமரியைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்கலாம், ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து பார்க்க வேண்டும். 300 எம்பி இருக்கிறது என்று போன் சொன்ன அடுத்த நொடி ஒரு அழைப்பு வரலாம், வேறு செயலி பின்னணியில் விழித்துக்கொள்ளலாம். பஸ்ஸில் காலி இருக்கையைக் கண்ணால் பார்த்ததற்கும் துண்டு போட்டதற்கும் உள்ள வித்தியாசம் இது. மெமரியில் துண்டு போடும் வசதி கிடையாது. அதனால் “இப்போது இடம் இருக்கிறது, துணிந்து இறங்கலாம்” என்ற முடிவுக்கு இந்த எண்ணை நம்புவதில்லை. செயலி தொடங்கும்போது கொள்கை முடிவுகள் எடுக்க மட்டும் பயன்படுத்துகிறேன். ‘இஸ் லோ ரேம் டிவைஸ்’ ஆம் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் செயல்படுத்தப்படும், அசைவுகளும் அலங்காரங்களும் நிறுத்தப்படும். படங்களுக்கான கேஷ் (மறுபடி தேவைப்படும் என்று மெமரியில் வைத்திருப்பவை) மெமரி கிளாஸில் எட்டில் ஒரு பங்கு. இப்படிப்பட்டவை.

மொத்த ரேமை வைத்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘டோட்டல்மெம்’ என்ற எண், கெர்னலுக்கு எட்டும் ரேமை மட்டும்தான் சொல்லும். மோடம் போன்ற பாகங்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கியது அதில் வராது. 4 ஜிபி என்று விற்கும் போனில் அது 4 ஜிபியைத் தொடவே தொடாது. “4 ஜிபிக்கு மேல் இருந்தால் உயர்தரம்” என்று எழுதி வைத்தால், அந்தப் போன்கள் அத்தனையும் கீழே இருக்கும் பிரிவில் போய் விழும். ஆண்ட்ராய்டு 14-இல் விற்பனை அளவைச் சொல்வதற்கென்றே ‘அட்வர்டைஸ்ட்மெம்’ என்று தனியாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி 3.5 போல வைத்துக்கொள்ளுங்கள்.

‘லார்ஜ் ஹீப்’ என்று செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது என்பார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. பல போன்களில் அது வரம்பை உயர்த்தும், சிலவற்றில் உயர்த்தாது. ஹீப் பெரிதானால், பயன் முடிந்த மெமரியைத் தேடி விடுவிக்கும் குப்பை அள்ளும் வேலையும் நீளும், பின்னணிக்குப் போனதும் பெரிய உடம்போடு இருக்கும் செயலி கொலைக்கு வசதியான இலக்காகிவிடும். மேலும் 8.0-க்குப் பிறகு பிட்மேப்பே அங்கே இல்லை என்னும்போது யாருக்காக அந்த இடம்?

எங்களை அதிகம் தொல்லைப்படுத்தியது கேமரா. செயலிக்குள்ளேயே கேமரா வைக்காமல் போனின் கேமரா செயலியை அழைத்துப் படம் வாங்கும் வழியும் எங்களிடம் இருந்தது. கேமரா திறந்ததும் நம் செயலி பின்னணிக்குப் போகிறது. கேமராவோ மெமரிக்குப் பெரும்பசிக்காரர். 2 ஜிபி போனில் பயனர் படத்தை எடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் நம் ப்ராசஸ் செத்திருக்கும். சிஸ்டம் புதிதாக ஒன்றைத் தொடங்கி அதே திரையைக் காட்டும். அதுவரை எடுத்த பக்கங்கள் எதுவும் இருக்காது. பயனர் கண்ணுக்கு இது கிராஷ் கூட இல்லை, “நான் எடுத்ததை அழித்துவிட்டது” என்ற துரோகம். எவ்வளவு மெமரி சோதனை போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் நம் நிரல் ஓடவே இல்லையே. பக்கங்களின் பட்டியல் கோப்பில் இருக்க வேண்டும், படம் எந்தப் பாதையில் எழுதப்படப் போகிறது என்பது கேமராவை அழைப்பதற்கு முன்பே ‘சேவ்டு இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்’டில் (ப்ராசஸ் செத்தாலும் சிஸ்டம் காத்து வைக்கும் குறிப்பில்) இருக்க வேண்டும். பாதையை மட்டும் வையுங்கள், படத்தையே அதில் திணித்தால், ப்ராசஸ்களுக்கு இடையே தகவல் கடத்தும் பைண்டரின் 1 எம்பி வரம்பில் வேறு ஒரு பிழை காத்திருக்கும்.

இதைச் சோதிக்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இருக்கும் ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ என்ற பொத்தான் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆக்டிவிட்டியை, அதாவது செயலியின் ஒரு திரையை, மட்டும்தான் அழிக்கும், ப்ராசஸ் உயிரோடு இருப்பதால் நிலையான மாறிகளில் வைத்ததெல்லாம் பத்திரமாக இருக்கும், சோதனை பாஸ் ஆகிவிடும். செயலியைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு ‘ஏடிபி ஷெல் ஏஎம் கில்’ கொடுத்துப் பேக்கேஜ் பெயரைச் சொல்லுங்கள். பிறகு சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து திறங்கள். அதுதான் உண்மையான சாவு, உண்மையான மறுபிறப்பு.

மெமரி நிலையைச் சிஸ்டம் செயலிக்குச் சொல்லும் அழைப்பான ‘ஆன் ட்ரிம் மெமரி’ பற்றி இணையத்தில் இருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இப்போது காலாவதியானவை. முன்னே ஓடும்போதே “மெமரி குறைகிறது”, “மிகவும் குறைந்துவிட்டது” என்று 5, 10, 15 ஆகிய நிலைகளில் சிஸ்டம் எச்சரிக்கும், அப்போது கேஷைக் காலி செய்யுங்கள் என்று அவை சொல்லும். ஆண்ட்ராய்டு 14 முதல் இந்த எச்சரிக்கைகள் செயலிகளுக்கு வருவதில்லை. திரை மறைந்துவிட்டது என்று சொல்லும் 20, பின்னணிப் பட்டியலில் சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லும் 40, இவை இரண்டு மட்டும் மிச்சம். 15 வரும் என்று காத்திருக்கும் நிரல் புதிய போன்களில் சும்மா கிடக்கிறது. 20 வரும்போதே பெரிய பிட்மேப்புகளை விட்டுவிடுவது நல்லது. உடம்பு சிறிதாக இருந்தால் பின்னணியில் அதிக நேரம் பிழைத்திருக்கலாம்.

சத்தமில்லாமல் செத்ததற்குக் காரணம் கேட்க ஆண்ட்ராய்டு 11 ஒரு நல்ல வழி கொடுத்தது. அடுத்த முறை செயலி தொடங்கும்போது ‘கெட் ஹிஸ்டாரிகல் ப்ராசஸ் எக்ஸிட் ரீசன்ஸ்’ என்று கேட்டால், முந்தைய ப்ராசஸ்கள் எப்படி முடிந்தன என்ற பட்டியல் வரும். மெமரி நெருக்கடியால் கொல்லப்பட்டிருந்தால் ‘ரீசன் லோ மெமரி’ என்று இருக்கும். எல்லாப் போன்களும் இதைச் சரியாகச் சொல்வதில்லை. சிலவற்றில், கட்டாயமாகக் கொல்லும் 9-ஆம் சிக்னலால் கொல்லப்பட்டது என்று மட்டும் வரும்; அந்தப் போன் இதை ஆதரிக்கிறதா என்று கேட்கவும் ஒரு ஃபங்ஷன் உண்டு. இதோடு கூடவே, ப்ராசஸ் உயிரோடு இருக்கும்போது 128 பைட் வரை ஒரு குறிப்பை சிஸ்டத்திடம் கொடுத்து வைக்கலாம். செத்த பிறகு அந்தக் குறிப்பும் அறிக்கையோடு திரும்பி வரும். எத்தனையாவது பக்கம், எந்தக் கட்டம், அப்போது ‘அவெய்ல்மெம்’ எவ்வளவு, நேட்டிவ் ஹீப் எவ்வளவு என்பதை நாங்கள் அதில் எழுதி வைக்கிறோம். மிச்ச மெமரி எண்ணை நான் உண்மையில் நம்பிப் பயன்படுத்தும் இடம் இதுதான். என்ன நடந்தது என்று பின்னால் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஐஓஎஸ் பக்கம் கதை வேறு, ஒரு வகையில் எளிது. அங்கே ஜாவா ஹீப், நேட்டிவ் ஹீப் என்ற பிரிவினை இல்லை; ஒவ்வொரு ப்ராசஸுக்கும் மொத்தமாக ஒரு வரம்பு, அதைத் தாண்டினால் அங்கே காவல் இருக்கும் ‘ஜெட்சம்’ கொன்றுவிடும். முன்பெல்லாம் ‘ஹோஸ்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ வழியாகக் காலி மெமரிப் பக்கங்களை எண்ணிப் பார்ப்பார்கள். ஆண்ட்ராய்டின் ‘அவெய்ல்மெம்’ போலவே நமக்கு உதவாத எண் அது. ஐஓஎஸ் 13-இல் ‘ஓஎஸ் ப்ராக் அவெய்லபிள் மெமரி’ வந்தது. இது கேட்க வேண்டிய கேள்விக்கே பதில் சொல்கிறது: இந்த ப்ராசஸ் தன் வரம்பைத் தொட இன்னும் எத்தனை பைட் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் இப்படி ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது. இதையும் உண்மையான ஐபோனில்தான் பார்க்க வேண்டும். சிமுலேட்டர் உங்கள் கணினியின் மெமரியில் ஓடுவது, அங்கே கிடைக்கும் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று அளக்கும்போது ‘ரெசிடென்ட் சைஸ்’ஐப் பார்க்காமல் ‘ஃபிஸ் ஃபுட்பிரிண்ட்’டைப் பாருங்கள். ஆப்பிளின் நிரல் எழுதும் கருவியான எக்ஸ்கோட் காட்டும் அளவோடு ஒத்துப்போவதும், ஜெட்சம் கணக்கில் எடுப்பதும் அதுதான். சுருக்கி வைக்கப்பட்ட மெமரிப் பக்கங்களும் அதில் சேரும். மெமரி எச்சரிக்கை வரும், அப்போது விடுவித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 191 எம்பி படம் ஒன்றை ஒரே மூச்சில் திறந்தால் எச்சரிக்கை உங்கள் மெயின் த்ரெட்டுக்கு வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். இந்தச் சாவும் வழக்கமான கிராஷ் அறிக்கையாக வராது. போனின் பகுப்பாய்வுத் தரவுப் பட்டியலில் ‘ஜெட்சம் ஈவென்ட்’ என்று தொடங்கும் கோப்பாக இருக்கும். அதில் உங்கள் ப்ராசஸுக்கு நேராக இருக்கும் ‘ஆர்பேஜஸ்’ எண்ணை ‘பேஜ் சைஸ்’ஆல் பெருக்கினால் அளவு வரும். 80,000 பக்கங்கள், பக்கத்துக்கு 16,384 பைட் என்றால் 1,250 எம்பி. பக்கத்திலேயே காரணமும் இருக்கும். ‘பெர் ப்ராசஸ் லிமிட்’ என்றால் நீங்களே வரம்பைத் தாண்டினீர்கள். ‘விஎம் பேஜ்ஷார்ட்டேஜ்’ என்றால் போன் முழுக்க நெருக்கடி, நீங்கள் பலியானவர். பயனர்களின் போன்களிலிருந்து இந்தக் கணக்கு வேண்டுமென்றால் ஐஓஎஸ் 14 முதல் ஆப்பிளின் ‘மெட்ரிக்கிட்’ தருகிறது. இந்த இரண்டு காரணங்களையும் தனித்தனியாக எண்ணிக் கொடுக்கும்.

ஒரே நிரலை இரண்டு வகைப் போன்களுக்கும் எழுத உதவும் ஃப்ளட்டர் போன்றவற்றில் எழுதுபவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஃப்ளட்டரின் படக் கேஷ் தானாகவே 1,000 படங்கள் அல்லது 100 எம்பி வரை வைத்துக்கொள்ளும். அது ஜாவா ஹீப்பில் தெரியாது. குறைந்த ரேம் போன்களில் அந்த 100-ஐக் கையால் குறைத்துவிடுங்கள்.

அப்புறம் செயலிக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ. எங்கள் செயலியில் உதவிப் பக்கங்கள் வெப்வியூவில்தான் வருகின்றன. ஆண்ட்ராய்டு 8.0 முதல் பெரும்பாலான போன்களில் வெப்வியூ பக்கங்களை வரையும் வேலையைத் தனி ப்ராசஸ் ஒன்று செய்கிறது. அதன் மெமரி உங்கள் கணக்கில் எதிலும் தெரியாது. ஆனால் நெருக்கடியில் அந்த ப்ராசஸ் கொல்லப்பட்டால் ‘ஆன் ரெண்டர் ப்ராசஸ் கான்’ என்ற அழைப்பு உங்களுக்கு வரும். அதை எழுதாமல் விட்டாலோ, எழுதி ‘ஃபால்ஸ்’ திருப்பினாலோ, உங்கள் செயலியும் சேர்ந்தே முடிக்கப்படும். ‘ட்ரூ’ திருப்பி, பழைய வெப்வியூவைத் திரையிலிருந்து எடுத்து அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கிப் பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும்.